உள்ளடுப்ப அணைச்ச மாடத்தி

ஒரு ஊர்ல ஒரு வவ்வாலு இருந்தா. ஊருன்னா வாய்க்காலும் வயலும் கெடையாது தாயி. செக்கச்செவேல்னு தேரிக்காடு, பாக்குற பக்கமெல்லாம் மணலு. அதுல ஒத்தப் பனை. பனையில காஞ்சு தொங்குமே காவோலை, அதுக்குள்ளதான் மாடத்தி வவ்வாலு குடியிருந்தா. உன் கட்டைவிரல் அளவுதான் இருப்பா. நெஞ்சுல கண்ணு தொறக்காத குட்டி ஒண்ணு ஒட்டிக்கிட்டு கெடக்கு. ம் சொல்லு.

அந்த வருசம் ஆனியில கொதிகாத்து அடிச்சுது பாரு, ஸ்ஸூ ஸ்ஸூன்னு. ஊத்தெல்லாம் வத்திப்போச்சு. மாடத்தி உடம்புல இருந்த ஈரம், முந்தின ராத்திரி பூச்சி தின்னு சேத்ததுதான். பொழுது சாயுற வரைக்கும் அது நின்னாத்தான் குட்டிக்குப் பாலு. செலவழிஞ்சா குட்டி இல்ல.

அப்போ அவ என்ன செஞ்சா, ஆடாம அசையாம தொங்கி, உள்ளுக்குள்ள எரியுற அடுப்ப அணைச்சா. ஆமா, எல்லாருக்கும் உள்ள ஒரு அடுப்பு எரியுது, இல்லன்னா நீ எப்படி இப்படிக் கதகதன்னு இருப்ப? ஊரே அடுப்பா கெடக்கையில வயித்துக்குள்ள தனி அடுப்பு எதுக்குன்னு அவ ஆத்தா சொல்லிக்குடுத்தது. மூச்சு மெள்ள மெள்ள, விடுற ஒவ்வொரு மூச்சுலயும் ஈரம் போவுதுல்ல. நெஞ்சு டப்... ரொம்ப நேரங்கழிச்சு இன்னொரு டப். வெயில் ஏற ஏற உடம்பும் சுட்டுச்சு. சுடட்டும்னு விட்டுட்டா.

அதே பனைப் பொந்துல கோமுன்னு ஒரு கிளி. வாயப் பொளந்து, ரெக்கைய விரிச்சு, லொச லொசன்னு மூச்சு வாங்குதா. ரெக்கை இருந்தும் விசிறத் தெரியாத சோம்பேறின்னு மாடத்தியப் பாத்து ஏசுதா. மாடத்திக்குச் சுருக்குன்னுச்சு. ஆனா பதில் சொன்னா ஒரு மூச்சு செலவாச்சே.

எங்க சித்தி ஒருத்தி இருந்தா. கல்யாண வீட்டுல எவளோ என்னமோ சொன்னான்னு பதில் சொல்லப் போனா. சொல்லி முடிச்சுத் திரும்புனா, பாயச அண்டா காலி. அத விடு. எங்க விட்டேன்? ஆங், காவோலை.

அப்புறம் அணில் வந்தா. மாடத்தியத் தொட்டுப் பாத்தா உடம்பு கொதிக்குது. நெஞ்சுல காத வச்சா சத்தமில்ல. ரெண்டு டப்புக்கும் நடுவுல வச்சுட்டா பாவி. மாடத்தி செத்துட்டான்னு ஊரெல்லாம் சொல்லிட்டா. ஏசுன கோமுவே மொத ஆளா ஒப்பாரிக்கு உக்காந்தா.

"தேரிக்காட்டு ராசாத்தி, உன்னத் தீ வெயிலு தின்னுச்சோ..."

மயிலு வந்து அழுதா, மைனா வந்து அழுதா. உச்சி வெயில்ல அழுதா இருக்குற ஈரம் என்னத்துக்கு ஆவும்? ஒவ்வொருத்தியா நாக்குத் தள்ளி, தொப்பு தொப்புன்னு நெழல்ல விழுந்தாளுக. பொணத்துக்குச் சிரிப்பு வருது. சிரிப்பும் செலவுதான். அடக்கிக்கிட்டா. ம்?

அப்புறம் கடைசியா காக்கா வந்தான். அனாதக் குட்டிய நான் வளக்குதேன்னு அலகை நீட்டுனான். வளப்பானாம். அலகு குட்டி காதுல பட்டுருச்சு. அடுப்ப மூட்டிப் பறந்தா சேத்த ஈரம் அம்புட்டும் போயிரும். சும்மா இருந்தா குட்டியே போயிரும். மாடத்தி ஒரே ஒரு கண்ணத் தொறந்தா.

"குட்டிக்கு ஆத்தா இருக்கா. பொழுது சாஞ்சப்புறம் வா, பேசுவோம்."

பொணம் பேசுனா காக்கா நிப்பானா? கா கா கான்னு தேரிக்காட்டயே தாண்டிப் போயித்தான் திரும்பியே பாத்தான். மாடத்தி கண்ண மூடிக்கிட்டா. டப்...

பொழுது சாஞ்சுது, காத்து தணிஞ்சுது. அப்போ அடுப்ப மூட்டுனா. உடம்பு கிடுகிடுன்னு நடுங்கி, ரெக்கை படபடன்னு விரிஞ்சுது. மொத வேலையா குட்டிக்குப் பால் குடுத்தா. வயிறு ரொம்பக் குடுத்தா.

கீழ கெடந்த கோமு, கம்மிப்போன தொண்டையில கேக்கா: "ஏட்டி, உனக்கு அழுதே எந்தொண்டை போச்சே."

"நல்லாத்தான் அழுத மதினி. எங்குட்டி தாலாட்டுன்னு நெனச்சுத் தூங்கிட்டா."

சொல்லிட்டுப் பறந்தா பாரு, விர்ருன்னு, குட்டியும் நெஞ்சோட. எத்தனையோ பேர வெரட்டுன தேரி வெயிலு, கட்டைவிரல் அளவு பொம்பளகிட்ட தோத்துச்சு.

கதை காவோலைக்குள்ள போயி ஒடுங்கிருச்சு. நீயும் ஒடுங்கு தாயி.