இரைகிற கிட்டார்

"இந்தக் கிட்டார் இரையுது டீச்சர். எந்தக் கம்பி போட, எந்தச் சர்க்யூட் வைக்க? நீங்கதான் சொல்லணும்."

இஞ்ஞாசி தன் கையால் செய்த பேஸ் கிட்டாரை மேசையில் கிடத்தினார். கோயில் பெஞ்சு செய்து மிஞ்சிய பலாப்பலகை. தச்சர் கை. இழைப்பில் ஒரு குறை சொல்ல முடியாது.

பிலோமி டீச்சர் அவரைவிட ரொம்ப இளையவள். கிட்டார் செய்யவும் வாசிக்கவும் அவளிடம்தான் கற்றுக்கொண்டார்.

கொண்டுவந்த பையைக் கவிழ்த்தார். புதுக் கம்பிகள், கம்பியின் அதிர்வைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்புகிற பிக்கப்புகள், பேட்டரியில் ஓடுகிற சர்க்யூட், எல்லாம் விழுந்தன.

"கடையையே தூக்கிட்டு வந்துட்டீங்களா அண்ணாச்சி? கல்லாவுல இருந்தவரை மட்டும் விட்டுட்டீங்களோ?"

அவர் சிரிக்கவில்லை.

வாசலில் அவர் மனைவி சலேத்மேரி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கழுத்தைச் சுற்றித் துண்டு. தொண்டையில் ஆபரேஷன் ஆன பிறகு குரல் நூலாய் மெலிந்துபோயிற்று. பாடும்போது பாதியில் அறுந்தும் போகும்.

பெரிய வெள்ளிக்கு மாதா பாட்டை எப்போதும் அவள்தான் பாடுவாள். இந்த வருஷமும் சாமியார் அவளைத்தான் கேட்டார். ஒத்திகையில் பாதியிலேயே எழுந்து வந்துவிட்டாள். இனிமேல் பாடவே போவதில்லை என்கிறாள்.

"ஏனாம்?" என்றாள் டீச்சர்.

"என் கிட்டார் சத்தந்தான் கேக்குதாம். அவ குரல் அவளுக்கே கேக்கலியாம். இந்த இரைச்சலைத்தான் சொல்லுதா."

டீச்சர் ஒயரைச் செருகினாள். ஸ்பீக்கர் பெட்டி வண்டுபோல இரைந்தது.

"இரட்டைச் சுருள் பிக்கப் வச்சா இரைச்சல் நின்னுரும்."

"அப்ப அதையே வைங்க!"

"வைக்கலாம். அக்கா பாடிருவாங்களா?"

இஞ்ஞாசி வாசலைப் பார்த்தார்.

"அக்கா, உள்ள வாங்க. அந்தப் பாட்டைக் கொஞ்சம் பாடுங்க. அண்ணாச்சி, ஒத்திகையில வாசிச்ச மாதிரியே வாசிங்க."

"எதுக்கு டீச்சர்? சிரிக்கவா?" என்றபடி சலேத்மேரி உள்ளே வந்து நின்றாள்.

"எனக்குக் கேக்கணும்."

சலேத்மேரி துண்டைத் தளர்த்திக்கொண்டு பாடினாள். அவர் கூடவே மெல்ல வாசித்தார்.

சிலுவையை மாதா அண்ணாந்து பார்க்கிற அடி வந்தது.

குரல் அறுந்தது.

அந்த நொடியே அவர் விரல்கள் ஓடின. கம்பிகள் அதிர்ந்து, அறுந்த இடம் முழுக்கச் சத்தமாயிற்று.

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"பாத்தீங்களா? நான் மூச்சு வாங்குறதுக்குள்ள வந்து விழுந்துருதாங்க."

"விழுகாம? நாலு பேர் பாத்துக்கிட்டு இருக்காங்க. நீ முழிச்சிக்கிட்டு நிக்கிறதை நான் பாத்துக்கிட்டு இருக்கணுமா?"

"நிக்கிறது நான்தானே?"

அவருக்கு முகம் கறுத்தது.

"சரி. இனி அந்த இடம் வந்தா கையை எடுத்துருதேன். போதுமா?"

எடுத்தார். இரைச்சல் அறையெல்லாம் நிறைந்தது.

"கேளுங்க டீச்சர்! இதுக்குத்தானே புதுசு கேக்கேன்."

"கையைக் கம்பி மேல வைங்க."

வைத்தார். இரைச்சல் அப்படியே இருந்தது.

டீச்சர் குனிந்து பார்த்தாள். கம்பியெல்லாம் கறுப்பு நைலான் சுற்றியவை.

"சத்தம் மெத்துன்னு இருக்கும்னு போட்டேன்" என்றார். "இவளை உறுத்தக் கூடாதுல்லா."

டீச்சர் அவற்றைக் கழற்றினாள். தன் அலமாரியிலிருந்து பழைய எஃகுக் கம்பிகளை எடுத்துப் பூட்டினாள். மேலே உறை ஏதும் இல்லை. சுருதி சேர்த்தாள்.

"இப்ப வைங்க."

வைத்தார். இரைச்சல் அடங்கியது.

"எடுங்க."

இரைந்தது.

"வைங்க."

அடங்கியது.

"வெறும் இரும்பு தோல்ல பட்டா அது அடங்கிரும்" என்றாள்.

"அப்ப அவ பாடி முடிக்கிற வரைக்கும் விடாம வாசிக்கணுமா? அதைத்தானே வேண்டாங்கா!"

"வாசிக்க யாரு சொன்னா? வைக்கத்தானே சொன்னேன்."

இஞ்ஞாசி தன் கையைப் பார்த்தார்.

"அக்கா, இன்னொரு தடவை."

சலேத்மேரி அவரைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்துப் பாடினாள்.

அதே அடி வந்தது. அதே இடத்தில் குரல் அறுந்தது.

அவர் விரல்கள் துடித்தன. உள்ளங்கையைக் கம்பிகள்மேல் பரப்பி அப்படியே வைத்திருந்தார். நெற்றியில் வேர்வை இறங்கிக் கண்ணுக்குள் போயிற்று. துடைக்கவில்லை.

ஸ்பீக்கர் பெட்டியில் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. சத்தமில்லை.

வெளியே ஒரு பஸ் போயிற்று. அதுவும் ஓய்ந்தது.

அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. தளர்ந்த துண்டை இழுத்துச் சுற்றவில்லை.

டீச்சர் மேசையில் கிடந்த புதுக் கம்பிகளைக் கையில் எடுத்தாள்.

"அண்ணாச்சி, அப்ப எந்தக் கம்பி போடட்டும்?"

அவர் தலையைத் திருப்பவில்லை.

"பேசாம இருங்க டீச்சர். அவ இன்னும் முடிக்கல."