பூவாயி முடிக்காத கதை

வெகு காலத்துக்கு முன்னே, கடல் பின்வாங்கிப் போய், அது விட்டுப்போன இடமெல்லாம் உப்பு விளைந்த நாடு ஒன்று இருந்தது. அந்த நாட்டு அரசாங்க உப்பளத்தில் உப்பு அளக்கிறவர் கூத்தப்பன். அவர் மனைவி பூவாயி.

பூவாயிக்குக் கதை ஊறிக்கொண்டே இருக்கும். தினமும் அவர் சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிடுவாள். பறக்கும் கட்டில், பேசும் நண்டு என்று போகும். கதை கேட்கிறவர் 'உம்' கொட்ட வேண்டும் அல்லவா? கூத்தப்பனும் கொட்டுவார். சோற்றைப் பிசைந்தபடி உம், குழம்பை ஊற்றியபடி உம், கை கழுவியபடி உம். வாய் உம் கொட்டும். மனம் உப்பளத்தில் இருக்கும். முப்பது வருஷம் இப்படியே போயிற்று.

ஒரு நாள் காலையில் அடுப்படியில் விழுந்தாள் பூவாயி. எழுந்திருக்கவில்லை.

நாலு வருஷம் கழித்து, அறுபத்துமூன்று வயதில், கூத்தப்பனை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். வீட்டில் சத்தமே இல்லை. அவள் கதைகளையாவது எழுதி வைப்போம் என்று ஓலையும் எழுத்தாணியும் வாங்கிவந்தார். கட்டில் பறந்தது, எங்கே இறங்கியது? தெரியாது. நண்டு பேசியது, என்ன பேசியது? தெரியாது. கடைசியாக ஏதோ கல்லாகிற பெண்ணின் கதை. அதில் ஒரு வரிகூடத் தெரியாது.

ஆத்திரத்தில் ஓலையை வீசினார். அது மூலையிலிருந்த காலி நெற்குதிருக்குள் போய் விழுந்தது.

"ஐயோ, என் தலை!" என்றது ஒரு குரல்.

எட்டிப் பார்த்தார். உள்ளே முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒரு பூதம் உட்கார்ந்திருந்தது.

"யார் நீ?"

"ஒரு மந்திரவாதி கதை சொல்லும்போது நடுவில் தூங்கிவிட்டேன் ஐயா. அதுக்கு இந்தச் சாபம். யாரும் காது கொடுக்காத கதையெல்லாம் நான் கேட்க வேண்டும். கடைசிக் கதை முடிந்தால்தான் எனக்கு விடுதலை. அது இருக்கட்டும், அம்மா எங்கே? நாலு வருஷமாகக் கதையே வரவில்லையே? என்மேல் கோபமா?"

"செத்துப்போய்விட்டாள்" என்றார் கூத்தப்பன்.

பூதம் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. பிறகு மூக்கைச் சிந்தியது.

"நண்டு பேசும் இடத்தில் அம்மா ஒரு கண்ணை மூடிக்கொள்வாளே, பார்த்திருக்கிறீரா?"

"இல்லை."

"நீர் என்ன புருஷனய்யா?"

அவருக்குப் பூதத்தின்மேல் பொறாமை வந்தது. "கதையைச் சொல்" என்றார்.

பூதம் கட்டில் கதையைச் சொன்னது; எழுதினார். நண்டு கதையைச் சொன்னது; எழுதினார். மூன்றாவது கதை இது: விறகுவெட்டி மனைவி ஒருத்திக்குப் பாதம் கல்லாகத் தொடங்கியது. "கால் மரத்துப் போகுதுங்க" என்றாள். புருஷன் 'உம்' என்றான். கல் முழங்காலுக்கு வந்தது. "மூச்சு வாங்குதுங்க, வைத்தியரிடம் போகலாமா?" என்றாள். அதற்கும் 'உம்' என்றான். கல் நெஞ்சுக்கு வந்தது.

"அப்புறம்?" என்றார் கூத்தப்பன்.

"அவ்வளவுதான். மறுநாள் அம்மா வரவில்லை."

"இது கதை இல்லையடா! அவள் உடம்பைச் சொல்லியிருக்கிறாள்!"

"கதை என்றுதான் நானும் நினைத்தேன்" என்று விசும்பியது பூதம். "முடிவு இல்லாமல் எனக்கு விடுதலை இல்லை. நீர்தான் முடிக்க வேண்டும்."

கூத்தப்பன் எழுதினார்: தேவதை வந்து தொட்டாள், கல் பெண்ணானது, இருவரும் சுகமாக வாழ்ந்தார்கள்.

"பொய்" என்றது பூதம்.

மறுபடி எழுதினார்: துக்கம் தாங்காமல் புருஷனும் செத்துப்போனான்.

"சோம்பேறி! நீர் செத்தா போனீர்? உப்பளத்துக்குத்தானே போனீர்?"

ஒரு மழைக்காலம் போயிற்று. ஒரு கோடைக்காலமும் போயிற்று. பிறகு மூன்றாவது முறையாக எழுதினார்: "கல் கழுத்தைத் தாண்டியது. அவள் சொன்னதெல்லாம் அன்றைக்குத்தான் அவன் காதில் விழுந்தது. விழுந்தபோது அவளுக்கு வாய் இல்லை. அதன்பின் அவன் தினமும் கல்லின் முன்னால் உட்கார்ந்து கதை சொன்னான். கல் உம் கொட்டவில்லை."

பூதம் எழுந்தது. சாபம் தீர்ந்தது. அதன் உடம்பு விளிம்பிலிருந்து கரையத் தொடங்கியது.

"போகாதே" என்றார் கூத்தப்பன். "அவள் குரலைக் கேட்டவன் நீ ஒருத்தன்தான்."

"நீரும் பக்கத்தில்தானே இருந்தீர்?" என்று சொல்லிவிட்டு மறைந்துபோயிற்று.

அதற்குப் பிறகு அவர் தானாகவே கதை கட்டி எழுதினார். எழுபது வயதுக்குள் பதினொரு மாயக் கதைகள். அவர் கதையைப் படித்து அழாத வீடு இல்லை. ராஜா அவரைக் கூப்பிட்டுப் பட்டுச் சால்வை போர்த்தினார்.

"ஆயுள் முழுக்க உப்பு அளந்தவருக்கு இந்த வயதில் கதை எப்படி வந்தது?"

"காது கேட்கக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது, மகாராஜா."

சபையே சிரித்தது. நல்ல மனசுக்காரரான ராஜா அரண்மனை வைத்தியரைக் கூப்பிட்டு, பெரியவர் காதுக்கு உயர்ந்த தைலமாகக் காய்ச்சிக் கொடுக்கச் சொன்னார். கூத்தப்பன் அதையும் கும்பிட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.