மலையணில் வாங்கிய கறுப்பு வெள்ளைக் கேமரா

அடர்ந்த சோலைக்காட்டில் செம்பி என்றொரு மலையணில் இருந்தது. காட்டில் உள்ளவர்களைப் படம் பிடித்துக் கொடுப்பதுதான் அதன் பிழைப்பு. அதன் வண்ணக் கேமராவுக்கு முன்னால் மயிலும் கிளியும் போட்டி போட்டுக்கொண்டு நிற்கும்.

ஒருநாள் கடைக்கார நரி புதிய கேமரா ஒன்றை நீட்டியது.

"இது கறுப்பு வெள்ளை மட்டும்தான் எடுக்கும். விலை, உன் பொந்துல இருக்கிற பலாக்கொட்டை அத்தனையும்!"

செம்பிக்குப் பகீரென்றது. அதுவும் அதன் அம்மாவும் மழைக்காலம் முழுக்கச் சாப்பிடச் சேர்த்து வைத்தவை அவை. ஆனாலும் கண் கேமராவை விட்டு நகரவில்லை.

பக்கத்துக் கிளையில் இருந்த மைனா சிரித்தது. "நிறம் வராததுக்கு விலை கூடவா? நரியண்ணே, அப்போ இனிக்காத பழத்துக்கும் கூடுதலாக் கேப்பீங்களா? அடியே செம்பி, உன் பழைய கேமரா படத்துல நிறத்தை எடுத்துட்டா அதுவும் கறுப்பு வெள்ளைதானே!"

மைனா சொன்னதிலும் நியாயம் இருந்தது.

"சாயங்காலம் வரைக்கும் குடுங்கண்ணே. எடுத்துப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றது செம்பி.

முதலில் மயிலை எடுத்தது. படத்தைப் பார்த்த மயில் அலறியது. "என்னடி இது! சாம்பல்ல புரண்டு எழுந்தவன் மாதிரி இருக்கேன்! என் நீலம் எங்கே?"

"நான்தான் சொன்னேனே!" என்றது மைனா.

செம்பி முகம் வாடிப்போய்க் கேமராவைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பியது. வழியில், வெயிலே நுழையாத மரத்தடியில் ஒரு கரடி தன் குட்டியோடு படுத்திருந்தது. அப்போதுதான் செம்பிக்கு உறைத்தது. கரடி இதுவரை படம் எடுக்க வந்ததே இல்லை!

"ஏன்க்கா நீங்க வர்றதே இல்ல?"

"எங்க மூஞ்சி எந்தப் படத்துல விழுந்திருக்கு? ஒரு கரிமூட்டை, அதுல ரெண்டு கண்ணு. அவ்வளவுதான்!"

செம்பி அதே நிழலில் குட்டியை இரண்டு கேமராவிலும் எடுத்தது. பழைய கேமராவின் படத்தில் நிறத்தை நீக்கிப் பார்த்தது. முகமெல்லாம் மணலை வாரித் தூவியது போலப் புள்ளிகள். புதிய கேமராவிலோ குட்டியின் மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. கொட்டாவி விட்ட வாயோரம் ஊர்ந்த எறும்புகூடத் தெரிந்தது!

"அய்யோ, என் தங்கம்! அப்பன் மூக்கு அப்படியே இருக்கு!" கரடி படத்தைக் குட்டியின் முகத்தருகே வைத்து ஒப்பிட்டுப் பார்த்தது. "என் தங்கச்சி பிள்ளைங்களையும் கூட்டிட்டு வரேன். காட்டெருமைக்கும் சொல்றேன், அதுக்கும் இதே குறைதான். கூலிக்கு அத்திப்பழம் கொண்டு வரோம்!"

செம்பி வீட்டுக்கு ஓடி, இரண்டு படங்களையும் அம்மாவிடம் காட்டி, கரடி சொன்னதையும் சொன்னது. அம்மா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது.

"நிறம் கேக்கிறவங்களுக்குப் பழசு இருக்கு. இவங்களுக்கு யாரு இருக்கா? வாங்கு" என்றது.

செம்பி கொட்டைகள் அத்தனையையும் நரியிடம் கொடுத்துக் கேமராவை வாங்கிக்கொண்டது. மறுநாள் காலையில், மரத்தடியில் கரடிகளும் காட்டெருமைகளும் குட்டிகளை நக்கி நக்கிச் சுத்தம் செய்தபடி செம்பிக்காகக் காத்திருந்தன!

ஒரு பொருளில் இல்லாததை மட்டும் பார்த்து ஒதுக்காமல், அது யாருக்கு எப்படிப் பயன்படும் என்று நாமே செய்து பார்த்து முடிவெடுக்க வேண்டும்.