கை தூக்காத ஹவில்தார்

குருவைத் தேடி மலையேறியவர்கள் உண்டு, கடல் தாண்டியவர்களும் உண்டு. ஹவில்தார் தணிகாசலத்தை அவர் மனைவி அஞ்சலாட்சி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள்.

வேலூர்ப் பக்கத்தில், வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போன ஊர் அவருடையது. எல்லையில் இருந்தவரை உடம்பில் ஒரு கீறல் பட்டதில்லை. ஓய்வு பெற்று ஊருக்கு வந்த பிறகு, மழை ஈரத்தில் ஓர் ஆட்டு மந்தைக்கு வழிவிடப் போய் மோட்டார் சைக்கிளோடு விழுந்தார். வலது தோள் எலும்பு விட்டுப்போயிற்று. எப்படி அடிபட்டது என்று யாராவது கேட்டால் ஆடு என்று சொல்ல வாய் வராது. பேச்சை மாற்றிவிடுவார்.

எலும்பு கூடிவிட்டது. கட்டையும் பிரித்துவிட்டார்கள். கை மட்டும் நெஞ்சு உயரத்துக்கு மேல் போவேனா என்றது. அதற்கு மேல் தூக்கப் பார்த்தால் தோள் கல்லாக இறுகிக்கொண்டு, உயிர் போகிற மாதிரி வலித்தது. எண்ணெய், ஒத்தடம், ஊசி எதற்கும் மசியவில்லை. சட்டை மாட்டிவிடுவதும் தலைக்கு ஊற்றிவிடுவதும் அஞ்சலாட்சியின் வேலையாகிவிட்டன.

அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது வேறு ஒன்று.

ஒரு நாள் மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தவர் எழுந்தபோது அஞ்சலாட்சி முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள்.

"ஏங்க, நீங்க தூங்கும்போது இந்தக் கை தலைக்கு மேல கெடந்துச்சு. கண்ணால பாத்தேன்."

நல்ல சேதி சொல்கிறோம் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் காதில் விழுந்தது வேறு.

"அப்போ நான் நடிக்கிறேன்ங்கிறியா?"

"ஐயய்யோ, நான் அப்படிச் சொல்லல."

"வேற எப்படிச் சொன்ன?"

அதோடு பேச்சு நின்றது. காலையில் அவள் சட்டையைப் பிடிப்பாள், அவர் கையை நுழைப்பார், அவள் பொத்தான் போடுவாள். இருவர் வாயிலிருந்தும் ஒரு வார்த்தை வராது. ஒருவருக்கொருவர் மூச்சு படும் தூரத்தில் நின்றுகொண்டு பேசாமலிருப்பது சுலபமில்லை. கல்யாணம் ஆனவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பெரிய டாக்டர் படமெடுத்துப் பார்த்து, எலும்பில் ஒன்றுமில்லை, பயிற்சிக்குப் போங்கள் என்று அனுப்பினார். எலும்பில் ஒன்றுமில்லை என்றதும் தணிகாசலம் ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பயிற்சிக் கூடம் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்தது. அதை நடத்தியவள் தஸ்னீம். வயதில் தணிகாசலத்தின் பாதிதான் இருப்பாள்.

"நீங்கதான் சொல்லிக்குடுக்கப் போறீங்களா?" என்றார்.

"ஆமா சார்."

"பட்டாளத்துல சொல்லிக்குடுக்கறவங்கள உஸ்தாத்னு கூப்பிடுவோம்." கிண்டலாகத்தான் சொன்னார்.

"எங்க வீட்லயும் ஓதிக்குடுக்க வர்றவர அப்படித்தான் சார் கூப்பிடுவோம். ஆனா அவருக்குத் தாடி இருக்கும்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து அவள் உஸ்தாத் ஆனாள்.

"உஸ்தாத், இந்தக் கை ஏன் மேல போக மாட்டேங்குது?"

அவள் சுவரில் இருந்த பெரிய டிவியைப் போட்டாள். ரிமோட் மாதிரி ஒரு குச்சியை அவர் வலது கையில் கொடுத்தாள்.

அது ஒரு போர் விளையாட்டு. திரையில் பனி கொட்டும் ஊர், இடிந்த வீடுகள், எங்கிருந்தோ குண்டுச் சத்தம். பார்க்கிறவர் கண்தான் சிப்பாயின் கண். குச்சியை எங்கே நீட்டுகிறோமோ அங்கே துப்பாக்கி திரும்பும். டிவிக்கு மேலே உட்கார்ந்திருந்த கேமரா ஆளைப் பார்த்துக்கொண்டே இருக்கும். நின்ற இடத்தில் கால் மாற்றினால் சிப்பாய் நடப்பான், குனிந்தால் பதுங்குவான்.

"இது சின்னப் பசங்க சமாச்சாரம்மா."

"ஆமா சார். நீங்க பெரியவங்க, சீக்கிரம் ஜெயிச்சிடுவீங்க."

முதல் நாள் அவர் நிமிஷத்துக்கு ஒரு தடவை செத்தார். கீழே வருகிற எதிரிகள் யாரும் அவரிடம் தப்பவில்லை. மாடி ஜன்னலில் இருந்தவன்தான் அவரைத் தீர்த்துக்கட்டினான். அவனைக் குறி வைக்கக் கை உயர வேண்டும். அது உயரவில்லை.

பட்டாளத்துக்காரர் மூளை சும்மா இருக்குமா? மறுநாள் இடுப்பை வளைத்து, முதுகைப் பின்னால் சாய்த்து, கையை இருந்த இடத்திலேயே வைத்துக்கொண்டு துப்பாக்கியை வானத்துக்குத் திருப்பினார். ஜன்னல்காரன் விழுந்தான். தணிகாசலம் பெருமையாகத் திரும்பிப் பார்த்தார்.

"முதுகு பிரமாதமா வேலை செய்யுது சார்," என்றாள் உஸ்தாத். "அதுக்குத்தான் வந்தீங்களா?"

அவர் முகம் சுருங்கியது. மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அஞ்சலாட்சி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

அந்த விளையாட்டில் இன்னொரு சைகையும் இருந்தது. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினால் சிப்பாய் துப்பாக்கியைப் போட்டுவிடுவான். எதிரி சுட மாட்டான், ஆட்டம் அத்துடன் முடியும். உஸ்தாத் அதைச் செய்து காட்டினாள்.

"இது எனக்கு வேணாம்," என்றார் தணிகாசலம்.

"விளையாட்டுதானே சார்."

"விளையாட்டுக்குக்கூட வேணாம். எந்த நாட்டுக்காரன் முன்னாடியும் நான் கை தூக்கினதில்ல. இந்த டிவிக்கு முன்னாடி தூக்கவா?"

"நான் சொன்னா?"

"உஸ்தாத் ஓடுன்னா ஓடுவேன், உருளுன்னா உருளுவேன். இது மட்டும் கேக்காதீங்க."

அவள் வற்புறுத்தவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு வேறு பயிற்சிக்குப் போய்விட்டாள். நாள்கள் ஓடின. முதுகு தேறியது, கால்கள் தேறின. குறி பார்ப்பதில் கண்ணுக்கு இளமை திரும்பியது. கை மட்டும் நெஞ்சோடு நின்றது.

ஒரு சாயங்காலம் அவர் குச்சியைக் கீழே வைத்துவிட்டார்.

"உஸ்தாத், மனசுல பட்டதச் சொல்லுங்க. நான் நடிக்கிறேன்னு நீங்களும் நினைக்கிறீங்களா?"

 நாற்காலியில் அஞ்சலாட்சி தலை குனிந்துகொண்டாள்.

உஸ்தாத் அலமாரியைத் திறந்து இன்னொரு குச்சியை எடுத்தாள். நேரே போய் அஞ்சலாட்சியின் கையில் வைத்தாள்.

"நானா? எனக்கு இதெல்லாம் என்ன தெரியும் டாக்டரம்மா?"

"தெரிய வேணாம்மா. சாரோட கூட நடங்க, போதும்."

உஸ்தாத் மனதில் என்ன இருந்தது என்று கேட்டால், ஒன்றும் இல்லை என்றுதான் பின்னாளில் அவள் சொன்னாள். நாம் நம்பினால் நம்பலாம்.

திரை இரண்டாகப் பிரிந்தது, ஆளுக்கு ஒரு பாதி, ஒரு சிப்பாய். பனி கொட்டியது. தணிகாசலம் சுவரோரமாகப் பதுங்கிப் போனார். அஞ்சலாட்சி நடுத்தெருவில் கோயிலுக்குப் போகிறவள் போல நடந்தாள்.

"ஏய், ஓரமா வா." பல நாள் கழித்து அவளிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

"ஓரத்துல தண்ணி நிக்குதுங்க."

"அது கேம்டி. கால்ல படாது."

அவள் மேல் பாய்ந்து வந்த ஒருவனை அவர் சுட்டார். அவள் "பாவம்" என்றாள். இன்னொருவனையும் சுட்டார். அதற்குள் அவளைக் காணவில்லை.

"எங்க போன?"

"இந்த வீட்டுக்குள்ளதான் இருக்கேன். அடுப்பு எரிஞ்சிக்கிட்டிருக்கு பாருங்க. சட்டியில என்னமோ கொதிக்குது. சமைச்சவங்க அப்படியே போட்டுட்டு ஓடிட்டாங்க போல."

"அதுக்கு?"

"அணைச்சிட்டு வந்துடறேன்."

போர்க்களத்தில் அடுப்பணைக்கப் போன சிப்பாய் உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்த எதிரி அவள் கழுத்தைச் சுற்றி வளைத்து, நெற்றிப்பொட்டில் துப்பாக்கியை வைத்தான். அப்படியே அவளை வாசலுக்கு இழுத்து வந்து, தணிகாசலத்துக்கு எதிரே நிறுத்தினான். அவள் உடம்புக்குப் பின்னால் முழுக்க மறைந்துகொண்டான்.

தணிகாசலம் குறி பார்த்தார். சுட வழியில்லை. வாழ்க்கை முழுவதும் துப்பாக்கி பிடித்தவருக்கு அது ஒரு பார்வையிலேயே தெரிந்துபோயிற்று. எப்படிச் சுட்டாலும் முதல் குண்டு அவள் மேல்தான் படும்.

"சுடுங்க," என்றாள் அஞ்சலாட்சி. பக்கத்தில் குச்சியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் திரையைப் பார்த்தபடியே சொன்னாள். "விளையாட்டுதானே. நான் செத்தா சாகறேன், நீங்க ஜெயிங்க."

"சும்மா இரு."

"எனக்கு ஒண்ணும் கோபமில்லீங்க. சுடுங்க."

அது விளையாட்டைப் பற்றிய பேச்சில்லை என்று அவருக்குப் பட்டது. தினமும் அவள் பொத்தான் போட்டபோது தான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது நினைவு வந்தது.  திரையில் எதிரியின் விரல் விசையில் இறுகியது.

தணிகாசலம் கையைத் தூக்கினார்.

இடது கை போனது. வலது கை நெஞ்சு வரைக்கும் வந்து நின்றது. கேமரா ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு கையும் வேண்டும் என்று திரையில் சிவப்பு விளக்கு மின்னியது. எதிரி அவளை ஒரு உலுக்கு உலுக்கினான்.

"விட்டுர்றா அவள," என்று அவர் வாய்விட்டுச் சொன்னார். யாரிடம் சொன்னாரோ.

திரையில் அந்த முரட்டுக் கை மெதுவாக அவள் கழுத்திலிருந்து விலகியது. குண்டுச் சத்தம் நின்றது. அஞ்சலாட்சியின் சிப்பாய் நடந்து வந்து அவர் பக்கத்தில் நின்றான். தோற்றுவிட்டீர்கள் என்று எழுத்து வந்தது. பனி மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது.



"ஏங்க," என்றாள் அஞ்சலாட்சி.

"நீ பத்திரமா வந்துட்டல்ல?"

"ஏங்க, கையப் பாருங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். வலது கை, பிடித்த குச்சியோடு, தலைக்கு மேலே நேராக நின்றது. அது தன்னுடைய கைதானா என்று அவருக்கு ஒரு கணம் சந்தேகமாக இருந்தது. விரலை அசைத்தார். மேலே விரல் அசைந்தது. தோளில் வலி இருந்தது, ஆனால் உயிர் போகிற வலி இல்லை. இத்தனை மாதமாக உள்ளே ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது. சிரிப்பு வந்தது. கண்ணில் தண்ணீரும் வந்தது. துடைத்துக்கொள்ளக் கை காலியாக இல்லை.

அஞ்சலாட்சி அழுதுகொண்டே சிரித்தாள். தலைப்பால் முதலில் அவர் கண்ணைத் துடைத்துவிட்டு அப்புறம் தன் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

தணிகாசலம் அப்படியே நின்றார். இறக்கினால் மறுபடி போகுமோ போகாதோ என்று பயம். சிரிப்பு மெல்ல அடங்கியது. பழைய முள் மறுபடி குத்தியது.

"உஸ்தாத், கை போகுது. அப்போ இத்தனை நாளா நான் நடிச்சிருக்கேன், இல்ல?"

உஸ்தாத் டிவியை அணைத்தாள்.

"சார், நீங்க காவலுக்கு, சென்ட்ரி டூட்டில நிக்கறீங்க. உங்கள மாத்த வேண்டிய ஆள் வரல. என்ன பண்ணுவீங்க?"

"நிப்பேன்."

"நேரம் முடிஞ்சிடுச்சே."

"முடிஞ்சா என்ன? ஆள் வராம எடத்த விடக் கூடாது."

"கால் கடுக்குமே."

"கடுக்கும்தான். நிக்கணும்."

"சண்டையே முடிஞ்சு எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாங்கன்னு வெச்சுக்கங்க."

"அது எனக்கு எப்படித் தெரியும்? யாராவது வந்து சொன்னாத்தானே?"

"தெரியாம நிக்கறவன நடிக்கிறான்னு சொல்வீங்களா சார்?"

தணிகாசலம் திரும்பி, எலும்பு கூடிய பிறகும் கல்லாக இறுகி நின்ற தன் தோளைப் பார்த்தார்.  

உஸ்தாத் அவரைப் பார்த்தாள். அவர் பக்கத்தில், கையில் குச்சியோடு நின்ற அஞ்சலாட்சியைப் பார்த்தாள்.

"ஆள் வந்தாச்சு சார்," என்றாள். "கைய எறக்குங்க."