பாலில் கரைத்த மாத்திரை

பிச்சாண்டிக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. அவருடைய குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஊரில் அதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் இல்லை.

"தங்கச்சி வயசுப் பொண்ணுகிட்ட உக்காந்து பாடம் படிக்கிறாரு பாரு!"

பிச்சாண்டி காதில் போட்டுக்கொள்ள மாட்டார். பாதி ஆயுளை மருந்துக்கடையில் கழித்தவர் அவர். எந்த மாத்திரை எந்த டப்பாவில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார். மனசு ஒடிந்து வருகிறவர்களுக்கு எதை எடுத்துக் கொடுப்பது என்பதுதான் பிடிபடவில்லை. அதனால்தான் கடையை விட்டுவிட்டு ஆசானம்மாவிடம் வந்து சேர்ந்தார். ஊர்க்கோடியில் பழைய அரவை மில் கொட்டகையில், மனசு சரியில்லாதவர்களை உட்கார வைத்து, பேச வைத்து, தேவைப்பட்டால் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகிற அம்மா அவர்.

வந்த நாளிலிருந்து பிச்சாண்டிக்கு ஒரே கேள்விதான்.

"மனசுக்கு எதும்மா மருந்து? மாத்திரையா, பேச்சா?"

"விறகை எடுத்து உள்ளே போடுங்கண்ணே, தூறல் விழுது."

இதுதான் எப்போதும் பதில்.

அன்று காலை முத்திருளன் சட்டைகூடப் போடாமல் ஓடி வந்தான்.

"ஆசானம்மா, செவ்வந்தி உள்ளே தாழ் போட்டுக்கிட்டா. பிள்ளையும் உள்ளதான் இருக்கு."

காரணம் பிச்சாண்டிக்குத் தெரியும்.

செவ்வந்தி முத்திருளனின் மனைவி. பிள்ளை பெற்று இன்னும் இரண்டு மாதம் ஆகவில்லை. பெற்ற நாளிலிருந்து தூக்கம் இல்லை. சுவரையே பார்த்துக்கொண்டு இருப்பாள். பிள்ளை அழுதால் அவளும் அழுவாள். 'நான் இல்லாட்டி எல்லாருக்கும் நல்லது' என்று ஒரு நாள் சொல்லிவிட்டாள். போன வியாழக்கிழமை ஆசானம்மா அவளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனார். வாரம் ஒரு நாள் வருகிற மனநல டாக்டர் பார்த்து மாத்திரை கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் செவ்வந்தி "வேணாம்" என்றாள். அதற்கு மேல் வாயே திறக்கவில்லை.

அவள் மாமியார் ஒச்சம்மா பிச்சாண்டியிடம் வந்து புலம்பினாள். அவர்தான் யோசனை சொன்னார்.

"பொடிச்சுப் பால்ல கலந்து குடுங்க. தெரியவா போகுது?"

தெரிந்துவிட்டது. ஆசானம்மாவிடம் அவர் இதைச் சொல்லியிருக்கவில்லை. முத்திருளன் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் சொல்ல வாயெடுத்தார். வாய் வரவில்லை.

வீட்டு வாசலில் தெருவே நின்றது. உள்ளே பிள்ளை வீறிட்டு அழுதது. பசி அழுகை. பிள்ளை பெற்ற பெண்கள் அத்தனை பேரும் முந்தானையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

"பேய் பிடிச்சிருக்கு. கோடாங்கியைக் கூப்பிடுங்கப்பா" என்றார் ஒருத்தர்.

முத்திருளன் கடப்பாரையைத் தூக்கிவிட்டான்.

"அதைக் கீழே வை" என்றார் ஆசானம்மா.

"பிள்ளை கத்துதும்மா!"

"முன்கதவை உடைச்சா அவ கொல்லைக் கதவு வழியாப் போவா. கொல்லையில என்ன இருக்கு?"

முத்திருளன் கடப்பாரையை வைத்துவிட்டான். கொல்லையில் கிணறு இருந்தது.

ஜன்னல் அரைப்பங்கு திறந்திருந்தது. ஆசானம்மா அதன் கீழே தரையில் உட்கார்ந்தார்.

"செவ்வந்தி, நான்தான்."

"போங்க. நீங்களும் விஷம் வைக்கத்தான் வந்திருக்கீங்க."

"யாரு விஷம் வச்சது?"

"பால் குடிச்ச தம்ளர் அடியில வெள்ளையாக் கிடந்துச்சு. நாக்கெல்லாம் கசப்பு."

"ஐயோ, ஆத்தா சத்தியமா நான் ஒண்ணும் கலக்கலடி!" என்று ஒச்சம்மா மார்பில் அடித்துக்கொண்டாள். "இவளுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு. அதான் என்னென்னமோ தெரியுது!"

உள்ளே பிள்ளையின் அழுகை சட்டென்று நின்றது.

முத்திருளன் ஓடிப்போய் ஜன்னல் கம்பியைப் பிடித்தான். பிள்ளை இருமிவிட்டு மறுபடி அழ ஆரம்பித்தது.

ஆசானம்மா ஒச்சம்மாவைப் பார்த்தார். ஒச்சம்மா பிச்சாண்டியைப் பார்த்தாள். பிச்சாண்டி தன் செருப்பைப் பார்த்தார். அதற்குப் பிறகு பார்க்க அவருக்கு எதுவும் இல்லை.

அவர் ஜன்னல் பக்கம் போனார்.

"செவ்வந்தி, நான் பிச்சாண்டிம்மா. உங்க அத்தைகிட்டக் கலக்கச் சொன்னது நான்தான். விஷமில்லம்மா. டாக்டர் குடுத்த அதே மாத்திரை."

"கெடுத்தாரே காரியத்தை!" என்று தெருவில் ஒரு குரல்.

உள்ளிருந்து மெதுவாக ஒரு கேள்வி.

"அப்ப... பால்ல இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சும்மா."

"எல்லாரும் இல்லவே இல்லன்னாங்க. எனக்குத்தான் கண்ணும் நாக்கும் கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன்."



"மாத்திரையை ஏன் வேணாம்னு சொன்னே?" என்றார் ஆசானம்மா.

"பால்ல இறங்கும்ல? பிள்ளை குடிக்கும்ல?"

பிச்சாண்டி தலையில் கை வைத்துக்கொண்டார். கடையில் இருந்த காலத்தில் பச்சைப்பிள்ளைக்காரிகள் தினம் தினம் கேட்ட கேள்வி. ஏன் வேண்டாம் என்கிறாய் என்று இவளிடம் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆசானம்மா சுகாதார நிலையத்து நர்ஸுக்குப் போன் போட்டார். போனை ஜன்னலுக்குள் நீட்டினார்.

"நீயே கேளு."

செவ்வந்தி கேட்டாள். ஸ்பீக்கரில் நர்ஸ் சொன்னது தெருவுக்கே கேட்டது. "பால் குடுக்கிற புள்ளைன்னு பாத்துத்தாம்மா டாக்டர் இந்த மாத்திரையைக் குடுத்திருக்காரு. நீ தாராளமாப் பால் குடு. மனசு கேக்கலைன்னா நாளைக்கு வியாழக்கிழமைதானே, வந்து அவர் வாயாலயே கேட்டுக்க. அன்னிக்கே கேட்டிருக்கக் கூடாதா தாயி?"

"கேக்க வாய் வரலக்கா" என்றாள் செவ்வந்தி. பிள்ளை பால் குடிக்க ஆரம்பித்து, அழுகை நின்றது.

ஆசானம்மா எழுந்தார். "ஒச்சம்மக்கா, அடுப்பை இங்க கூட்டுங்க. ஜன்னலுக்கு நேரா."

"தெருவுலயா? பாக்கிறவங்க என்ன சொல்லுவாங்க?"

"பாக்கணும்னுதான்க்கா."

வீட்டை ஒட்டித் தனியாக இருந்த அடுக்களையிலிருந்து மூன்று கல்லும் பானையும் அரிசியும் வந்தன. பிச்சாண்டி விறகு சுமந்து வந்தார். பானை ஏறியது. அரிசியைக் களைந்து, ஜன்னலுக்கு நேரே ஒருமுறை தூக்கிக் காட்டிவிட்டுத்தான் ஒச்சம்மா பானையில் போட்டாள். கம்பிக்குப் பின்னால் இரண்டு கண்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தன.

கஞ்சி வெந்ததும் முதல் வாய் ஒச்சம்மா குடித்தாள். அடுத்தது முத்திருளன். பிறகு பிச்சாண்டி. கோடாங்கியைக் கூப்பிடச் சொன்னவரும் ஒரு கிண்ணம் வாங்கிக் குடித்துவிட்டு, "உப்பே இல்ல" என்றார்.

"உப்பு ஜாடியைக் காணோம்யா" என்றாள் ஒச்சம்மா.

"அரிசிப் பானைக்குப் பின்னாடி இருக்கு அத்தை" என்றது உள்ளிருந்து குரல்.

ஒச்சம்மாவின் கையில் அகப்பை நின்றது. அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உப்பு எடுக்கப் போனாள்.

ஆசானம்மா ஒரு பூவரச இலையைக் கழுவி வாசற்படியில் விரித்து, ஒச்சம்மா கொடுத்த அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிய்த்து அதன் மேல் வைத்தார். பக்கத்தில் கஞ்சிக் கிண்ணம். பிறகு தள்ளி வந்து உட்கார்ந்துகொண்டார்.

"இது கஞ்சி. அது மாத்திரை. ரெண்டும் தனித்தனியா இருக்கு செவ்வந்தி."

நேரம் போனது. யாரும் கதவைத் தட்டவில்லை.

தாழ் விலகியது. கதவு ஒரு ஆள் அளவுக்குத் திறந்தது. காலையில் பால் கட்டி வழிந்ததில் செவ்வந்தியின் சேலையெல்லாம் நனைந்திருந்தது.

"பிள்ளையைப் பிடிங்க அத்தை. கஞ்சியைக் குடிச்சிடுறேன்."

ஒச்சம்மா வாங்கிக்கொண்டாள். செவ்வந்தி கஞ்சியைக் குடித்தாள். மாத்திரையைக் கையில் எடுத்தாள், புரட்டிப் பார்த்தாள், தானே போட்டுக்கொண்டாள்.

கிளம்பும்போது ஆசானம்மா முத்திருளனிடம் சொன்னார். "கொல்லைப் பக்கம் நீ படு. அவளைத் தனியா விடாதே. வெளியே இருந்து யாரும் தாழ் போடக் கூடாது. நாளைக்கு டாக்டர்கிட்ட நானும் வாரேன். ஒச்சம்மக்கா, நாளைக்கும் அடுப்பு இங்கதான்."

"இங்கயே எரியட்டும்" என்றாள் ஒச்சம்மா, பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே.

திரும்பும் வழியில் பிச்சாண்டி இரண்டடி பின்னால் வந்தார். கொட்டகை கண்ணில் பட்டதும் கேட்டுவிட்டார்.

"இப்பவாவது சொல்லுங்கம்மா. மனசுக்கு எது மருந்து? மாத்திரையா, கஞ்சியா, பேச்சா?"

ஆசானம்மா நடையை நிறுத்தவில்லை.

"பால்ல கிடந்ததும் இலையில இருந்ததும் ஒரே மாத்திரைதானேண்ணே?"

"ஒரே மாத்திரைதாம்மா. ஒரே அட்டையில பிச்சது."

"பால்ல கிடந்ததுக்குக் கதவு அடைஞ்சுது. இலையில இருந்ததுக்கு ஏன் திறந்துச்சு?"

தூறல் விழத் தொடங்கியிருந்தது. பிச்சாண்டி யாரும் சொல்லாமலே போய் விறகை எடுத்து உள்ளே வைத்தார்.