தாலித் துண்டும் நாற்பத்தேழாம் கதவும்

பாளையங்கோட்டையில் ஒரு மாடிவீடு. அந்த வீட்டுக் கம்ப்யூட்டருக்குள்ளே மாத்துக்காரன் என்றொரு மென்பொருள் குடியிருந்தான்.

அவன் தொழில் துண்டு மாற்றுவது. எவ்வளவு பெரிய படமானாலும் துண்டு துண்டாக்கி, எந்தத் துண்டு எந்த ஊர்க் கம்ப்யூட்டரில் இருக்கிறதோ அங்கே ஓடி, "நீ ஒண்ணு கொடு, நான் ஒண்ணு தாரேன்" என்று பேரம் பேசி வாங்கி வந்து ஒட்டிவிடுவான். யாரும் சொல்லிக்கொடுத்த தொழில் இல்லை. கத்தியே கற்றுக்கொண்டது. கத்தினால் காரியம் நடக்கும் என்பதுதான் அவன் படித்த ஒரே பாடம், அதில் அவன் நன்றாகவே தேறியிருந்தான்.

இப்போது அவன் கையில் இருந்தது வீட்டுக்காரர் ஆவுடையப்பனின் கல்யாண வீடியோ. ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு துண்டு. ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் வந்துவிட்டது. வராத அந்த ஒன்று, தாலி கட்டுகிற துண்டு.

படத்தை ஓட்டினால் ஆவுடையப்பன் தாலியைக் கையில் எடுக்கிறார். அடுத்த நொடி பந்தியில் உட்கார்ந்து பாயசம் குடிக்கிறார்.

"பாத்தீங்களா? இதுல நீங்க எனக்குத் தாலியே கட்டல" என்றாள் அவர் மனைவி சங்கரவடிவு. "நேரா சாப்பாட்டுக்குப் போயிட்டீங்க."

"கட்டாமலா இருபத்தஞ்சு வருஷம்?"

"எனக்கென்ன தெரியும்? நாளைக்கு வெள்ளிவிழாவுக்கு மண்டபத்துல இருநூறு பேரு பாக்கப் போறாங்க. அவங்ககிட்டச் சொல்லுங்க."

ஆவுடையப்பன் திரையைப் பார்த்து விரலை ஆட்டினார். "ஆறு மணிக்குள்ள இது முழுசா வரலைன்னா இந்த மாத்துக்காரச் சனியனைக் கம்ப்யூட்டரைவிட்டே தூக்கிடுவேன்."

மாத்துக்காரன் கடிகாரத்தைப் பார்த்தான். அப்போது மணி நாலரை.

மற்றத் துண்டெல்லாம் சொந்தக்காரர் கம்ப்யூட்டர்களில் கிடைத்தது, இந்தத் துண்டு இருந்தது உலகத்திலேயே ஒரே இடத்தில்தான். தூத்துக்குடியில், சங்கரவடிவின் அண்ணன் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில். பழைய டேப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்றியவர் அவர்தான். டேப் பூஞ்சணம் பிடித்துப் போய்விட்டது. கம்ப்யூட்டரை ஆறு மணிக்குக் கடைக்காரர் வந்து எடுத்துப்போகிறார், பழசுக்குப் புதுசு. எல்லாம் போய்ச் சேர்ந்திருக்கும் என்று அண்ணன் நிம்மதியாக இருந்தார்.

மாத்துக்காரர்களுக்குள் முகவரி சொல்ல ஒரு தரகர் உண்டு. அவர் மூலமாகத் தூத்துக்குடி மாத்துக்காரன் ஒரு சேதி அனுப்பினான்.

"துண்டு எங்கிட்ட இருக்கு வே. ஆனா எங்க வீட்டு வாசலைத் திறக்க முடியாது. பாஸ்வேர்டை எழுதின காகிதம் பழைய பேப்பர்காரனோட போயிட்டு. என்னால வெளிய வரமுடியும், ஆரும் உள்ள வரமுடியாது. நானே அங்க வாரேன். நீரு வாசலைத் திறந்து வையும்."

"எங்க வாசல் எப்பவும் திறந்துதான் வே இருக்கு! நாப்பத்தேழாம் கதவுன்னு கேட்டுட்டு வாரும்" என்று பதில் கொடுத்தான் மாத்துக்காரன்.

கால் மணி போயிற்று. யாரும் வரவில்லை. அரை மணி போயிற்று. தரகர் வந்து, "அவரு மூணு தடவை வந்துட்டுப் போயிட்டாராம்" என்றார்.

மாத்துக்காரனுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. விடுவிடுவென்று வாசலுக்குப் போனான். அங்கே ரவுட்டர் அண்ணாச்சி நாலு பச்சை விளக்கையும் சிமிட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஓய் அண்ணாச்சி! வாசல்ல உக்காந்து தூங்குதீரா? எனக்கு வந்த விருந்தாளியை எதுக்கு வே விரட்டுனீரு?"

"நான் ஏன் வே விரட்டப்போறேன்? நீரு வெளிய போய் ஆரையாவது கூப்பிட்டா, அவங்க பதிலு உம்ம கைக்கு வந்துரும். கூப்பிடாம வாரவங்க ஆருக்கு வந்தாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? அதுக்குத்தான் சீட்டு. உம்ம சீட்டும் இருக்கு. இந்தா பாரும். 'நாற்பத்தேழாம் கதவு கேட்டு வந்தால் ஐந்தாம் அறை.' இன்னைக்கு மட்டும் நாப்பது பேரை அனுப்பியிருக்கேன்."

"அஞ்சாம் அறையா? நான் இருக்கது ஏழு!"

"நேத்து கரண்டு போச்சுல்லா? வந்ததும் எல்லாரும் ஓடிவந்தாங்க. முதல்ல வந்தவருக்கு முதல் அறை. பிரின்டர் அக்கா அஞ்சுல ஏறிட்டாவ. நீரு ஆரோடயோ சண்டை போட்டுட்டு ஏழாவதா வந்தீரு."

மாத்துக்காரன் ஐந்தாம் அறைக்கு ஓடினான். அறை முழுக்கக் காகிதம். நடுவில் பிரின்டர் அக்கா பூரித்துப்போய் நின்றாள்.

"வா தம்பி, வா! ஒரு வருஷமா எனக்கு ஒரு வேலை இல்ல. இன்னைக்கு எம்புட்டு சனம்! வந்தவங்க சொன்னதை ஒண்ணு விடாம அச்சடிச்சிட்டேன். தூத்துக்குடிக்காரருன்னு ஒருத்தரு மூணு வாட்டி வந்தாரு. முப்பது பக்கம். ஒரு எழுத்துப் புரியல, ஆனா நல்ல மனுசன்."

"அக்கா! அவரு எனக்கு வந்தவரு! அறையைக் காலி பண்ணும்!"

"போடா. சனம் வார அறையை விட்டுக் குடுக்கவா?"

பேரம் என்று வந்துவிட்டால் மாத்துக்காரனுக்கு உலகமே மறந்துவிடும். மை வாங்கித் தரச்சொல்கிறேன் என்றான். கறுப்பு மட்டும் போதாது, கலரும் வேணும் என்றாள். கலர் என்றால் ஊதா தவிர மற்றதெல்லாம் என்றான். ஊதா இல்லாமல் என்ன கலர் என்றாள். எழுந்து போவதுபோல் வாசல்வரை போய்த் திரும்பினான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். கடைசியில், வாரத்துக்கு ஒரு கோலப்படம் கலரில் அச்சடிக்க வைப்பதென்று முடிவாகி அவன் வியர்வையைத் துடைத்தபோது மணி ஐந்தே முக்கால்.

"அண்ணாச்சி, அறை கிடைச்சாச்சு!" என்று வாசலில் போய் மார்தட்டினான்.

ரவுட்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அறையை மாத்தவா இவ்வளவு நேரம் அங்க நின்னீரு? சீட்டுல அஞ்சை அடிச்சிட்டு ஏழுன்னு எழுதினா முடிஞ்சுது. ஒரு விநாடி வேலை."

"அதை முன்னாலயே சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீரு கேட்கவே இல்லையே வே. ஏசத்தான செஞ்சீரு."

மாத்துக்காரன் சீட்டை அவர் பக்கம் தள்ளினான். "சரி. மாத்தி எழுதும்."

சீட்டு மாறியது. சொல்லி வைத்ததுபோல் தூத்துக்குடிக்காரன் மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றான். கையில் துண்டு. ரவுட்டர் கை காட்டினார், அவன் ஏழாம் அறைக்கு ஓடினான். மாத்துக்காரன் இரண்டு கையையும் நீட்டினான்.

குறுக்கே ஒரு கம்பு விழுந்தது. ஏழாம் அறை வாசலில் காவல் நிற்கிற ஃபயர்வால் ஏட்டையா, தூத்துக்குடிக்காரனின் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கியிருந்தார்.

"ஏட்டையா! விடும்! என் ஆளு!"

"ஆளா இருந்தா என்ன? உனக்கு ஆரும் வரக்கூடாதுன்னு உத்தரவு."

"எவன் போட்ட உத்தரவு?"

"உன் மொதலாளி. மூணு வருஷத்துக்கு முந்தி நீ குடிவந்த அன்னைக்கு, இவனைத் தேடி வெளியாள் வந்தா விடலாமான்னு திரையில கேட்டேன். வேண்டாம்னு அமுக்கிட்டாரு."

"அவரு எது வந்தாலும் வேண்டாம்னுதான் அமுக்குவாரு! படிக்கவே மாட்டாரு!"

"அது எனக்கெதுக்கு? ஆமா, மூணு வருஷமா உன்னைத் தேடி வந்தவங்க எல்லாரையும் வாசல்லயே திருப்பி அனுப்பிட்டேன். உனக்கு அது தெரியவே இல்லையாலே?"

மாத்துக்காரன் யோசித்தான். மூன்று வருஷமாக எல்லாரையும் தேடிப் போனவன் அவன்தான். கதவைத் தட்டினான், கத்தினான், வாங்கினான், வந்தான். தன் கதவை ஒருவரும் தட்டவில்லை என்பது இன்றுவரை அவனுக்கு உறைக்கவில்லை.

"எனக்கு நேரம் ஆச்சு வே" என்றான் தொங்கிக்கொண்டிருந்த தூத்துக்குடிக்காரன். "அங்க கடைக்காரன் வண்டியோட வந்துட்டான். பிளக்கு மேல கையை வச்சிருக்கான்."

மாத்துக்காரன் கம்பைப் பிடித்துக் குலுக்கப் போனான். பேரத்துக்கு ஏதாவது கையில் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தான். ஒன்றும் இல்லை. பிறகு அவன் குரல் அவனுக்கே அடையாளம் தெரியாதபடி இறங்கியது.

"ஏட்டையா, கேக்கேன். இன்னும் ஒரு தடவை அவருகிட்டக் கேட்டுப் பாருமே."

ஏட்டையா அவனை உற்றுப் பார்த்தார். இதுவரை அவன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை அவர் கேட்டதில்லை. கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரையில் ஒரு பெட்டியைப் போட்டார்.

வெளியே ஆவுடையப்பன் அதைப் பார்த்தார். பழக்கதோஷம், கை நேராக 'வேண்டாம்' மேல் போயிற்று.

"இருங்க!" சங்கரவடிவு அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். "என்னதான் எழுதியிருக்குன்னு பாருங்களேன். ஆயுசுல ஒரு தடவையாவது."

அவர் கண்ணாடியைத் தேடி மாட்டி, எழுத்துக் கூட்டிப் படித்தார். "வெளியிலிருந்து ஒருவர் வர விரும்புகிறார். அனுமதிக்கலாமா?"

"பாவம், ஆரோ நிக்காங்க போலிருக்கே. வரச்சொல்லுங்க" என்று அவளே அமுக்கிவிட்டாள்.

ஏட்டையாவின் கை விட்டது. தூத்துக்குடிக்காரன் உள்ளே விழுந்தான், துண்டை நீட்டினான், மாத்துக்காரன் பிடித்தான். பிடித்த கையோடு அங்கே பிளக்கு பிடுங்கப்பட்டது. எதிரே நின்றவனைக் காணோம். பதிலுக்குக் கொடுக்க எடுத்து வைத்த துண்டு மாத்துக்காரன் கையிலேயே இருந்தது. வாங்கிக்கொண்டு ஒன்றும் கொடுக்காமல் நின்றது அவன் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

ஒட்டினான். படம் ஓடியது. வீட்டுக்காரர் இருவரும் திரைக்குப் பக்கத்தில் குனிந்தார்கள்.

ஆவுடையப்பன் தாலியைக் கையில் எடுக்கிறார். அந்த நொடியே கேமராவுக்கு முன்னால் ஒரு முதுகு வந்து நிற்கிறது. சட்டை நனைந்த, அகலமான, போட்டோகிராபர் முதுகு. துண்டு முடிகிறவரை முதுகுதான்.

"இதுக்காடா!" என்று மாத்துக்காரன் உள்ளே தலையில் அடித்துக்கொண்டான்.

ஆனால் முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. மேளச் சத்தத்துக்கு நடுவே, இளவயசு ஆவுடையப்பன் யாருக்கும் கேட்டுவிடக் கூடாதென்று மெல்லக் கேட்கிறார்.

"உனக்குச் சம்மதந்தானே? கட்டட்டுமா?"

 பிறகு ஒரு பெண்ணின் குரல்.

"இதைக் கேக்கதுக்கு இவ்வளவு நேரமா?"

ஆவுடையப்பனும் சங்கரவடிவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கம்ப்யூட்டருக்குள்ளே மாத்துக்காரன் தன்னைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, தலையைக் குனிந்து, "தப்புதான்க்கா" என்றான்.