சிறுமலைக் குதிரைக்காரரை அழைத்த குரல்

சிறுமலையின் வாழைத் தோட்டங்களிலிருந்து தார்ச்சாலை வரை பொதிக்குதிரை ஓட்டிப் பிழைத்தவர் எஸ்தாக்கி. ஜீப் ஏற முடியாத சரிவுகளில் வாழைத்தாரும் எலுமிச்சை மூட்டையும் குதிரையின் முதுகில்தான் இறங்கியாக வேண்டும். வெள்ளைச்சி என்ற பெயருடைய ஒரே குதிரைதான் அவருடைய சொத்து. பாதி வழியில், பாறை இடுக்கில் நீர் கசியும் சுனை ஒன்று உண்டு. நாள்தோறும் அங்கே பொதியை இறக்கி, குதிரைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்து முழந்தாளிடுவார். வேறு கோயிலுக்கு அவர் போவதில்லை.

ஊரில் மாதா கோயில் இல்லாமல் இல்லை. அவருடைய ஒரே மகன் அருளப்பன், வாழைத்தார் ஏற்றிவந்த ஜீப் கொண்டைஊசி வளைவில் கவிழ்ந்து இறந்துபோனான். வண்டியை ஓட்டிய இன்னாசி சிறு காயத்தோடு தப்பினான். விசாரணையில், "அருளப்பன்தான் ஆசைப்பட்டு ஓட்டினான், நான் பக்கத்தில் இருந்தேன்" என்று சொல்லிவிட்டான். மகனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்று எஸ்தாக்கி சொன்னது எடுபடவில்லை. இன்னாசி ஞாயிறு பூசைக்கு வந்து முன்வரிசையில் நிற்பான். அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு எஸ்தாக்கியால் செபிக்க முடியவில்லை. கோயிலுக்குப் போவதையே நிறுத்திக்கொண்டார்.

சுனைக்கு அவர் போகத் தொடங்கியதுகூட செபிப்பதற்காக அல்ல. அங்கே யாரும் இல்லை என்பதால் ஆண்டவரை வாய்விட்டு ஏசலாம், அதற்காகத்தான் போனார். ஒரு கோடையில் காட்டுத்தீ எழுந்து சரிவு முழுவதும் கரியாயிற்று. முதல் மழைக்குப்பின் பொதியோடு அவ்வழியே வந்தவர், கருகிய புல் தூர்களிலிருந்து பச்சை முளைத்திருப்பதைக் கண்டு நின்றுவிட்டார். மகன் போனபின் வராதிருந்த அழுகை அன்று வந்தது. அழுது ஓய்ந்தபோது தாம் முழந்தாளில் இருப்பதை உணர்ந்தார். அன்றிலிருந்து கர்த்தர் கற்பித்த செபத்தைத் தினமும் சொல்லத் தொடங்கினார். ஆனால், தமக்குத் தீமை செய்தவரை மன்னிக்கும் வரி வந்ததும் நாக்கு நின்றுவிடும். எழுந்து பொதியை ஏற்றுவார்.

இச்செய்தி எப்படியோ டீக்கடைக்கு எட்டியது.

"என்ன பெரியவரே, குதிரைகிட்ட பாவத்தையெல்லாம் சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணியாச்சா?" என்றான் இன்னாசி. இருந்தவர்கள் சிரித்தார்கள். எஸ்தாக்கி குதிரையை நடத்திச் சென்றார்.

ஐப்பசி மழையில் ஜீப் பாதை அறுந்துபோய், எல்லாரும் குதிரைப் பாதையில் நடக்கும்படி ஆயிற்று. ஒரு பிற்பகல் கைநீட்டினால் கை தெரியாத மூடுபனி. எஸ்தாக்கி சுனையருகே முழந்தாளிட்டு, வழக்கமாக நிற்கும் வரியில் நின்றிருந்தார்.

"எஸ்தாக்கி."

யாரோ அழைத்தது தெளிவாகக் கேட்டது. பெரியவர், குதிரைக்காரர் என்பார்களே தவிர, பெயர் சொல்லி அழைக்க ஊரில் எவரும் மிஞ்சியிருக்கவில்லை. குரல் மறுபடியும் அழைத்தது. குதிரையைப் பிடித்துக்கொண்டு குரல் வந்த பக்கம் நடந்தார்.

பாதையின் ஓரம் சரிந்திருந்தது. கீழே ஒருவன், முகமெல்லாம் சேறாக, ஒரு வேரைப் பற்றித் தொங்கிக்கொண்டிருந்தான். அவன் காலடியில் பள்ளத்தாக்கு. பனி விலகியபோது எஸ்தாக்கி அவனை அடையாளம் கண்டார். இன்னாசியும் மேலே பார்த்தான். நிற்பவர் யாரென்று தெரிந்ததும் கண்களை மூடிக்கொண்டான்.

எஸ்தாக்கி எதுவும் செய்ய வேண்டியதில்லை. திரும்பி நடந்தால் போதும், மீதியை மழை பார்த்துக்கொள்ளும். அவர் திரும்பினார். சில அடிகள் நடக்கவும் செய்தார். வெள்ளைச்சியின் ஈரக் கழுத்தில் நெற்றியை வைத்தார். நின்றுபோயிருந்த அந்த வரி அவர் வாயிலிருந்து வந்தது. முதன்முறையாக அதைச் சொல்லி முடித்தார். பிறகு சேணத்தில் தொங்கிய பொதிக்கயிற்றை அவிழ்த்து, ஒரு முனையைச் சேணத்திலேயே கட்டி, மறுமுனையைக் கீழே வீசினார்.

"கையில சுத்திக்க. விட்றாத."

கயிறு விறைத்தது. ஓரம் இன்னும் கொஞ்சம் பெயர்ந்தது. குதிரையின் குளம்புகள் சேற்றில் வழுக்கி, ஒரு கணம் மூவருமே போய்விடுவார்கள் போலிருந்தது. எஸ்தாக்கி பாறையில் காலை ஊன்றி, கயிற்றோடு சேர்ந்து பின்னால் சாய்ந்தார். "இழு தாயி, இழு" என்று குதிரையைக் கெஞ்சினார். உள்ளங்கைத் தோல் உரிந்தது. சேற்றுக் குவியலாக இன்னாசி மேலே வந்து விழுந்தான்.

வாயிலிருந்த மண்ணைத் துப்பிவிட்டு அவன் சொன்னான்: "நான்தான் ஓட்டுனேன். குடிச்சிருந்தேன். உங்க மகன் பின்னால உட்காந்திருந்தான்."

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் தூக்குனீங்க?"

"நீ கூப்பிட்டியேப்பா. பேர் சொல்லி ரெண்டு தடவ கூப்பிட்டியே."

இன்னாசி அவரையே பார்த்தான். "வாய் நெறைய மண்ணு. எனக்கு சத்தமே வரல. நான் யாரையும் கூப்பிடலைங்க."

எஸ்தாக்கி எழுந்து பனியைப் பார்த்தார். மழை இலைகளில் விழும் ஓசை தவிர வேறெதுவும் கேட்கவில்லை. தம்மை அழைத்தவர் யாரென்று அவருக்கு விளங்கியது. சேற்றிலேயே முழந்தாளிட்டு, "ஆண்டவரே, நான் கொஞ்ச தூரம் திரும்பி நடந்துட்டேன்" என்றார்.

கால் முறிந்திருந்த இன்னாசியைக் குதிரையில் ஏற்றி, வழியெல்லாம் அவன் இடுப்பைத் தாங்கிப் பிடித்தபடி இறங்கினார். கால் கூடியபின் இன்னாசி பூசை முடிந்த நேரத்தில் சபைமுன் நின்று உண்மையைச் சொன்னான். மறுநாள் தானாகவே காவல் நிலையம் சென்றான். அருளப்பனின் பேரில் இருந்த பழி நீங்கியது. இன்னாசி சிறையிலிருந்த காலத்தில் எஸ்தாக்கி அவனைப் பார்க்கப் போவார். போகும்போதெல்லாம் மலை வாழைப்பழம் ஒரு சீப்பு கொண்டுபோவார்.

பகைவனைத் தம் குதிரையில் ஏற்றித் தாம் நடந்து வந்த அந்த எளியவரின் பாதம் பட்டதால், சிறுமலையின் சேற்றுப் பாதையும் பேறுபெற்றது.